இரண்டு பதக்கங்களில் அடங்காத பாபி

பாபி ரோசன்ஃபெல்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலில் தொடங்குவார்கள்: ஓட்டம், தாண்டுதல், எறிதல், கூடைப்பந்து, சாஃப்ட்பால், ஐஸ் ஹாக்கி, டென்னிஸ். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால், இப்படி எல்லாவற்றையும் ஆடியதில் அவருக்குக் கிடைத்தது என்ன, கைநழுவியது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இயற்பெயர் ஃபேனி. கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டதால் பாபி ஆனார். ரஷ்யப் பேரரசின் எகாத்தெரினோஸ்லாவில், இன்றைய தினிப்ரோவில், யூதக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாகக் கனடாவின் பாரி நகருக்கு வந்தவர். 1922இல் டொராண்டோவுக்குக் குடியேறி, ஒரு சாக்லேட் தொழிற்சாலையில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தார். கூடைப்பந்தை யூத இளம்பெண்கள் சங்கத்தின் அணியில் ஆடினார். தடகளத்தில் தொழிற்சாலையின் பேட்டர்சன் சங்கத்துக்காக இறங்கினார். பெண்களுக்கென்று பயிற்சி மையமோ உதவித்தொகையோ இல்லாத காலத்தில் சமூகச் சங்கமும் தொழிற்சாலைச் சங்கமும் செய்த உதவி சிறிதல்ல. எந்த ஆட்டத்துக்கு ஆள் வேண்டுமோ அதை ஆடலாம். வயதுக்கு முன்பே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிர்பந்தம் இல்லை. குறையும் அதிலேயே இருந்தது. பெயர் நிறுவனத்துக்கு, அமெச்சூர் விதிப்படி ஆடியவருக்குப் பணம் இல்லை. பகலெல்லாம் வேலை, மிச்ச நேரத்தில்தான் பயிற்சி.

1923இல் சாஃப்ட்பால் ஆடப் போன இடத்தில், தோழிகள் உந்தித் தள்ளியதால் 100 கெஜ ஓட்டத்தில் இறங்கி, அப்போதைய கனடா சாம்பியன் ரோசா கிராஸை முந்தினார். 1925இல் ஒண்டாரியோ மகளிர் போட்டியில் ஒரே நாளில் வட்டெறிதல், 220 கெஜ ஓட்டம், தடை ஓட்டம், நீளம் தாண்டுதல் நான்கிலும் முதலிடம். 100 கெஜத்திலும் ஈட்டியிலும் இரண்டாமிடம்.

இந்த நாளை 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பெண்களுக்குத் தடகளம் அங்கேதான் முதன்முதலாகத் திறந்தது. அதுவும் ஐந்தே போட்டிகள். அவர் வென்ற நான்கில் வட்டெறிதல் மட்டுமே அந்த ஐந்தில் இருந்தது. தடை ஓட்டம் 1932இல் வந்தது. நீளம் தாண்டுதலும் 200 மீட்டரும் 1948இல்தான். மகளிர் கூடைப்பந்து 1976இல், சாஃப்ட்பால் 1996இல், ஐஸ் ஹாக்கி 1998இல். ஆகவே ஆம்ஸ்டர்டாமில் கிடைத்த 4x100 தொடரோட்டத் தங்கமும் 100 மீட்டர் வெள்ளியும் அவருடைய திறமையின் அளவு அல்ல. திறந்திருந்த கதவுகளின் அளவு அவ்வளவுதான்.

ஒன்றிலேயே ஊன்றியிருந்தால் அந்த வெள்ளி தங்கமாகியிருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் எடுத்துக்காட்டு ஒத்துழைக்கவில்லை. அவரை மயிரிழையில் முந்திய அமெரிக்காவின் பெட்டி ராபின்சனுக்கு வயது 16. போட்டி ஓட்டத்துக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பெண்ணை எந்த நீண்டகாலத் தனிப்பயிற்சியும் உருவாக்கவில்லை.

எனக்கு உறுத்துவது 800 மீட்டர் கதை. பாபி அந்தத் தூரத்துக்குப் பயிற்சி பெற்றவர் அல்ல. பின்னாலிருந்து விரைந்து வந்தவர், தளர்ந்துகொண்டிருந்த இளைய சக வீராங்கனை ஜீன் தாம்ப்சனைத் தாண்டாமல், பக்கத்தில் ஓடி ஊக்கம் கொடுத்து நான்காமிடத்தை அவருக்கு விட்டுத் தான் ஐந்தாவதாக முடித்தார் என்று புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் பயிற்சியே இல்லாத தூரத்தில் ஒலிம்பிக்கில் ஐந்தாவதாக வருவது எத்தகைய உடல் வலிமை என்பதை அந்தப் புகழ்ச்சி மூடிவிடுகிறது. வீரனைப் பாராட்ட வேகம் போதும். வீராங்கனை என்றால் தியாகமும் தேவைப்படுகிறது போலும். இத்தனைக்கும் அந்த ஓட்டத்தில் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் முடித்தார்கள். ஆனாலும் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் இல்லை.

1929இல் மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது; மாதக்கணக்கில் படுத்திருந்து பிறகு ஊன்றுகோலோடு நடந்தார். அளவுக்கு மீறி ஆடியதன் விலை என்று இதைச் சொல்லிவிடுவது எளிது, ஆதாரம் காட்டுவது கடினம். மீண்டு வந்தவர் 1931இல் சாஃப்ட்பால் லீக்கில் மட்டையடியில் முன்னின்றார். அடுத்த பருவத்தில் ஒண்டாரியோவின் சிறந்த ஹாக்கி வீராங்கனையானார். பல ஆட்டம் ஆடியதன் உண்மையான பலன் இங்கேதான் தெரிகிறது: ஓடுதளத்துக்குத் திரும்ப முடியாத காலுக்கு வேறு களங்கள் இருந்தன. 1933இல் நோய் திரும்பி வந்து அவற்றையும் மூடியது.

1950இல் கனடாவின் அரை நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையாகப் பத்திரிகையாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவரும் அவர்களில் ஒருவர். எல்லா ஆட்டத்தையும் ஆடியவர் நீண்டகாலம் நிலைத்த ஒரே துறை எழுத்து. 1937இலிருந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் ‘குளோப் அண்ட் மெயில்’ நாளிதழில் பத்தி எழுதினார். விளையாட்டு பெண்மையைக் கெடுக்கும் என்று சொன்னவர்களுக்கு அதில் விடாமல் பதில் கொடுத்தார்.