வரவு மட்டும் எழுதினால் கணக்கா?

நம்ம ஊரில் கோயிலோ, சர்ச்சோ, எதன் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே அச்சுதான். எந்த வருஷம் கட்டினார்கள், யார் நிலம் கொடுத்தார்கள், கோபுரம் எத்தனை அடி. பி.காம். படித்தவன் என்பதால் கேட்கிறேன்: வரவு சரி, பற்று எங்கே?

கோவை - அவினாசி ரோட்டில் இருக்கும் கருமத்தம்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது சோமனூருக்குத் திரும்புகிற இடம். கொங்குக் கத்தோலிக்கர்களுக்கோ ஜெபமாலை மாதா கோயில் இருக்கிற ஊர். தொடக்கம் 1640 வாக்கில் என்பார்கள். அக்டோபரில் தேர்த்திருவிழா, கூட்டம், கடைகள். எல்லாம் வரவுப் பக்கம்.

பற்றுப் பக்கத்தில் ஒரு பெயர்: மெல்கியோர் தெ மரியோன் பிரேசிலாக். பிரெஞ்சுக்காரர். 1842-ல் புதுச்சேரிக்கு வந்தவர். 1846 அக்டோபர் 4-ம் தேதி இதே கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது வயது 32. உள்ளூர்ப் பிள்ளைகள் குருக்களாக வேண்டும், பொறுப்புக்கும் வர வேண்டும் என்பது அவர் கட்சி. 'இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?' என்று நினைத்த வெள்ளைக்கார சாமியார்களுக்கு இது கசந்தது.

இன்னொன்று சாதி. மலபார் சடங்குகள் பற்றி 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் போட்ட ஆணையைக் கடைப்பிடிப்பதாக ஒவ்வொரு மிஷனரியும் சத்தியம் செய்யணும். நடைமுறையில் எந்த சாதி வழக்கத்தை விடலாம், எதைத் தடுக்கணும் என்பதில் ஆளுக்கொரு வழி. சத்தியம் ஒன்று, நடப்பு ஒன்று. தெளிவாகச் சொல்லுங்கள் என்று ரோமாபுரியிடம் கேட்டார் பிரேசிலாக். தெளிவு கிடைக்கவில்லை. மனசாட்சி உறுத்த, பதவியை விட்டுவிட்டு ஐரோப்பா திரும்பினார். 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்கான மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோன் போய், சில வாரங்களிலேயே காய்ச்சலில் இறந்தார். 2020-ல் போப் பிரான்சிஸ் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தார்.

ஆயர் ஆனது பெருமை, சரி. ஆனால் அவர் ஏன் போனார்? அதுதானே நமக்கான பாரம்பரியம்!

'பழைய கதை, விடுங்க சார்' என்பீர்கள். பழசா? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். மோதல் வெடித்தது, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதா, ஒரே ஜெபமாலை. பிரேசிலாக் கேட்ட கேள்வி 150 வருஷம் கழித்தும் அப்படியே நின்றது.

இங்கிலாந்தின் இடைக்காலத்துக் கிராமத்து சர்ச்சுகள் பலவற்றில், அங்கே பணியாற்றிய குருக்களின் பட்டியலைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். மதச் சண்டையில் விரட்டப்பட்டவர் பெயரும் அதில் வரும். சங்கடம் என்று யாரும் அழிப்பதில்லை.

கோபுரத்துக்கு வெள்ளையடிக்கலாம், தப்பில்லை. வரலாற்றுக்கு அடித்தால், அடுத்த தலைமுறை அதே கேள்விக்கு முதலிலிருந்து அடிபட வேண்டிவரும்.