காளியின் கைகள்

'முள்ளும் மலரும்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அண்ணன் தங்கை பாசத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நான் விஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். மலைச்சரிவில் தண்டவாளம், அதன்மேல் இரும்பு வடம் இழுக்க இழுக்க ஏறிப்போகும் டிராலி, அதை ஏற்றவும் இறக்கவும் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் காளி. அந்த வேலையை இயக்குநர் மகேந்திரன் எத்தனை ஆசையோடு பார்க்கிறார் என்று கவனியுங்கள். அம்மா அப்பா இல்லாமல் வளர்ந்த ஒருவனுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருப்பது இரண்டே. ஒன்று தங்கை வள்ளி. மற்றொன்று அவன் கைக்கு அடங்கும் அந்த மெஷின்.

இந்தப் படத்தைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், ரோலிங் மில்லில் நிற்கிறவர்களோடும் கிரேன் ஓட்டுகிறவர்களோடும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காளியின் திமிர் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தான் இல்லாவிட்டால் இது ஓடாது என்ற தெம்பு அது. ஊர்க்காரர்களை டிராலியில் ஏற்றிக்கொள்வது விதிப்படி தப்பு. புதிதாக வந்த இன்ஜினியர் குமரன் அதைத் தடுப்பதிலும் குற்றம் சொல்ல முடியாது. காளிக்கோ அது மானப்பிரச்சினை. வேறொரு படமாக இருந்தால் குமரனை வில்லனாக்கிக் கதையை எளிதாக முடித்திருப்பார்கள். இங்கே குமரனாக வரும் சரத்பாபு குரலை உயர்த்தாமல், நிமிர்ந்த கண்ணியத்தோடு நிற்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இருவருக்கும் ஒத்துப்போகவும் இல்லை. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற எவரும் சூப்பர்வைசர் ஒருவரிடம் பார்த்திருக்கக்கூடிய உறவுதான் இது. திரையில் இத்தனை நேர்மையாக வந்தது அபூர்வம்.

பிறகு அந்தக் கை போகிறது. குடித்துவிட்டுச் சாலையில் விழுந்து கிடக்கும்போது லாரி ஏறிவிடுகிறது. கை போனால் வேலையும் போகும். இழப்பைச் சொல்ல மகேந்திரன் நீண்ட வசனம் எதையும் தேடவில்லை. 'தங்கப்பதக்கம்' போன்ற படத்துக்கு வசனம் எழுதியவர், தான் இயக்கிய முதல் படத்தில் பேச்சை இப்படி ஒதுக்கி வைத்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். திரும்பி வரும் அண்ணனை வள்ளி கட்டிக்கொள்கிறாள். கை இருந்த இடம் வெறுமையாக இருப்பது அவளுக்குத் தெரிகிறது. மீதியை இளையராஜாவின் இசையும் வள்ளியாக நடித்த ஷோபாவின் முகமும் பார்த்துக்கொள்கின்றன. அந்த முகத்தில் அதிர்ச்சி முதலில் வருகிறது, அழுகை கொஞ்சம் தாமதித்துத்தான் வருகிறது. அந்தத் தாமதத்தில்தான் நடிப்பின் நயம் முழுவதும் இருக்கிறது. ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்.

ஒளியையும் சொல்லாமல் விடக்கூடாது. பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்த முதல் தமிழ்ப் படம் இது. சிருங்கேரிப் பக்கத்து ஈரமும் பசுமையும் அவர் கேமராவில் பூச்சு எதுவுமின்றி வந்தன. ஜேசுதாஸ் பாட, குமரன் ஜீப்பை ஓட்டிப்போகும் பாட்டில் மலைக்காற்றே நம்மேல் அடிக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பாட்டைப் படமாக்கப் பணம் இல்லாதபோது கமல்ஹாசன் கொடுத்து உதவினார் என்று மகேந்திரனே நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

காளியின் மனைவி மங்காவை நான் தனியாகவே கொண்டாடுவேன். 'படாபட்' ஜெயலட்சுமி அவளுக்குக் கொடுத்த பசியும் சிரிப்பும் எத்தனை அழகு! வாணி ஜெயராம் குரலில் அவள் சோற்றையும் குழம்பையும் பாடும்போது வறுமை எப்படி இருந்திருக்கும் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. அப்படிச் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்த பெண், பின்னால் குமரனோடு வள்ளியின் கல்யாண விஷயத்தில் புருஷனை எதிர்த்துக்கொண்டு நாத்தனார் பக்கம் நிற்கிறாள். அண்ணி நாத்தனார் என்றாலே சண்டை என்று பழகிப்போன நம் சினிமாவில் இந்த இடம் எவ்வளவு இதமானது!

கடைசிக் காட்சிக்கு வருவோம். வள்ளி குமரனைக் கட்டிக்கொள்ளப் புறப்பட்டுவிட்டாள். மங்காவும் அவளுடன் போகிறாள். எதிரே ஒற்றைக் கையோடு காளி. வள்ளி எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவந்து விழுகிறாள். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தங்கைக்குத் தன்னைவிடப் பெரிதாக எதுவும் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பெருமிதத்தில் அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஆனால் குமரனை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே மகேந்திரனைக் கும்பிடலாம். பிடிக்காதவனைப் பிடித்தவனாக மாற்றிவிட்டுச் சுபம் போட்டிருந்தால் காளி பொய்யாகியிருப்பான். தங்கையின் மேல் வைத்த பிரியம் பெரிது, அவள் கணவன் மேல் உள்ள கசப்பும் நிஜம். இரண்டும் ஒரே நெஞ்சில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். நம் வீடுகளிலும் மாப்பிள்ளை மச்சான் உறவுகள் பல இப்படித்தானே நடக்கின்றன?

உமாசந்திரனின் நாவலிலிருந்து பிறந்து, 1978 ஆகஸ்ட் 15 அன்று திரைக்கு வந்த படம் இது. காளியாக நடித்த ரஜினிகாந்தின் வேகத்தை எத்தனையோ படங்கள் எடுத்துக்கொண்டன. அவருடைய பிடிவாதத்துக்கு உள்ளே இருந்த குழந்தையை இத்தனை பரிவோடு பார்த்தது இந்தப் படம்தான் என்பேன். பல தடவை பார்த்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அந்தக் கடைசிக் காட்சியில் ரஜினியை விட்டுவிட்டு, ஓடிவரும் ஷோபாவை மட்டும் பாருங்கள்.