எழுத்துக்கூட்டலும் இயந்திரத் தீர்ப்பும்

கணினி, இணையம் ஆகியன சார்ந்த கலைச்சொற்களைப் பிழையின்றி எழுதுவதற்குத் துணைசெய்யும் கருவிகள் பல இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்ற இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொற்றொகுதிகள், விக்சனரி, வாணி முதலிய பிழைதிருத்தி என்பன ஆற்றும் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், 'சரியான எழுத்துக்கூட்டல்' யாது என்பதை இத்தகைய கருவிகள் எவ்வாறு தீர்மானிக்கின்றன என வினவாது அவற்றை ஏற்றுக்கொள்ளல் விமரிசன நோக்குக்கு ஒவ்வாது.

முதலில் ஹங்கேரிய மொழிக்கென ஆக்கப்பட்டுப் பின்னர் பல மொழிகளுக்கும் பரவிய ஹன்ஸ்பெல் என்னும் பிழைதிருத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு சொற்பட்டியலும், அச்சொற்கள் ஏற்கும் ஒட்டுக்களுக்கான விதிகளுமே அதன் அடிப்படை. பட்டியலில் இல்லாததும் விதியால் ஆக்கப்பட முடியாததுமான சொல் பிழையெனக் குறிக்கப்படும். 'பிழை' என்பதும் 'பதியப்படாதது' என்பதும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன.

இதன் விளைவு ஈழத்தமிழுக்குச் சிறப்பாக உரியது. 1847இல் இலங்கைக்கு வந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் காலந்தொட்டு இங்கு ஒரு கலைச்சொல் மரபு வளர்ந்துள்ளது. சுயமொழிக் கல்வி விரிவடைந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் அம்மரபை நிலைப்படுத்தின. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு ஆகியன கிரந்த எழுத்தை விலக்கித் தமிழ் ஒலிமரபுக்கு இயைய ஆக்கப்பட்டவை. ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்பனவற்றை மட்டும் அறிந்த கருவி, தலைமுறைகள் விஞ்ஞானம் பயின்ற சொற்களையே பிழையென்று தள்ளிவிடும்.

'தொழினுட்பம்' இன்னுமொரு சான்று. தொழில், நுட்பம் என்பன புணருமிடத்து இவ்வடிவம் பெறுதல் நன்னூல் விதிக்கு அமைந்ததே. நமது பாடசாலைகளில் 'தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்' என்றே பாடப்பெயர் வழங்குகின்றது. 'தொழில்நுட்பம்' என்பதை மட்டும் கொண்ட பட்டியலோ இலக்கண வடிவின் கீழ்ச் சிவப்புக் கோடிடும்.

எனினும், இதனைப் பிரதேசப் பெருமைக்குரிய வழக்காக ஆக்குதல் தவறாகும். இங்கு பரவலாக வழங்கும் 'கணனி'யை நோக்குக. 'கணி' என்னும் வினையடியைத் தெளிவாகப் பேணுவது 'கணினி'யே. அதனை நாம் ஏற்பதில் தோல்வி எதுவுமில்லை. பிறந்த இடமன்று, பொருட்டெளிவும் மக்கள் பயன்பாடுமே அளவுகோல்களாதல் வேண்டும்.

இயந்திரம் தன்னியல்பிற் பக்கச்சார்புடையதன்று. அதனுள் எவரது எழுத்து மிகுதியாகச் சேர்ந்துள்ளதோ அவரது வழக்கே நியமமாகின்றது. எனவே பிரச்சினை தொழினுட்பத்தினது மட்டுமன்று, அறிவுற்பத்தியிற் பங்குகொள்வோர் யாவர் என்பதுமாகும். ஹன்ஸ்பெல் போன்றவற்றின் சொற்பட்டியல்கள் எவரும் திறந்து திருத்தக்க எளிய கோப்புக்களே. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து வெளியீடுகள் பெருமளவு திரட்டப்பட்டுள்ளன. இவற்றைக்கொண்டு நமது கலைச்சொற்களைத் தொகுத்து, இரு வழக்குகளையும் பிழையென்றன்றி மாற்றுவடிவங்களென்று பதிதல் பல்கலைக்கழகங்களின் கடமை. இல்லையேல், தன் பாடநூல் கற்பித்தவாறே எழுதும் மாணவன் தன் மொழியையே ஐயுற நேரிடும்.