இரணைமடுச் சோறும் பிரயாண எழுத்தும்

விடுமுறைக்கு அறியாத ஊரொன்றிற்குச் சென்று திரும்பும் நம்மவர் எழுதுகின்ற பிரயாணக் கட்டுரைகளில் ஒரு பகுதி தவறாமல் இடம்பெறுகிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் கோடியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை. அக்கடையில் பெரிய விடுதிகளில் கிடைக்காத ஓர் உணவு. எழுத்தாளர் அதனை உண்கிறார்; வியக்கிறார்; அவ்வூரின் ஆன்மாவையே கண்டுகொண்டதாக அறிவிக்கிறார். அத்துடன் கட்டுரை முடிந்துவிடுகிறது. அவர் கண்டுகொண்டது ஊரையா, தமது நாவையா என்ற கேள்வி எழுவதேயில்லை.

சுவையைப் பற்றி எழுதுவது குற்றம் என்பது என் கருத்தன்று. ஏழை எளியவர்கள் கைக்கெட்டிய சில பொருள்களைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வைத்திருக்கும் சமையல், பெரும் அறிவுச் செல்வமாகும். அதனை மதித்து எழுதுதல் நற்பணியே. ஆனால் உணவைக் குறித்து எழுதுபவன் உண்பவனோடு நின்றுவிட்டால், விளைவித்தவனும் சமைத்தவளும் பசித்திருந்தவர்களும் எழுத்தின் எல்லைக்கு வெளியே தள்ளப்படுகிறார்கள். இவ்வகை எழுத்தின் அடிப்படைக் குறை இதுவே. இதனை விளக்க இரணைமடுவை விடச் சிறந்த உரைகல் எனக்குத் தெரியவில்லை.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்து, கண்டி-யாழ்ப்பாண நெடுஞ்சாலை தடையின்றித் திறக்கப்பட்டபின், கிளிநொச்சி பிரயாணிகளின் தரிப்பிடமாயிற்று. தெற்கிலிருந்தும், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வருவோர் அங்கே இறங்குகின்றனர். அருகிலுள்ள இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்று நீர்ப்பரப்பைப் பார்க்கின்றனர். பருவகாலமாயின், உதட்டில் பால் ஒட்டும் பாலைப்பழத்தை வாங்கித் தின்கின்றனர். குளத்து மீன் குழம்பு, குரக்கன் பிட்டு, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், எருமைத் தயிர் ஆகியவற்றைத் தேடி உண்கின்றனர். ‘கலப்பில்லாத வன்னி உணவு’ என்று இவற்றுக்குப் பெயரும் சூட்டிவிடுகின்றனர்.

சென்ற விடுமுறையில் நானும் அவ்வாறே குளத்துக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு சிறு கடையில் அமர்ந்தேன். தகரக் கூரை, இரண்டு வாங்குகள். சிவப்பரிசிச் சோறு, புளி விட்டுக் காய்ச்சிய மீன் குழம்பு, கீரைக் கடையல். சோறு மிக நன்றாக இருந்தது. பிரயாணிகளுக்கே உரிய பூரிப்போடு, “இது இரணைமடு நெல்லுத்தானே அம்மா?” என்று கேட்டேன். கடைக்கார அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மீன் குளத்து மீன், ஐயா. அரிசி கடையிலை வாங்கினது. நெல்லு இஞ்சைதான் விளையுது. ஆலைக்குப் போய், பேர் போட்ட பையிலை திரும்பி வருகுது. எங்களுக்கு வயல் ஏது?”

அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத் தோட்டமொன்றிலிருந்து இவ்விடம் வந்தவர்கள். காலையில் அக்கடையில் விற்கப்படும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் அவர்களோடு வந்தவை. ‘கலப்பில்லாத வன்னி உணவு’ என்ற சொற்றொடர் அக்கடை வாசலிலேயே உடைந்து போயிற்று.

உண்மையில் அத்தட்டிலிருந்த ஒவ்வொரு பொருளும் ஒரு சமுதாய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரணையான இரு மடுக்கள் இருந்த இடமாதலின் இரணைமடு எனப்பட்ட தாழ்நிலத்தில், கனகராயன் ஆற்றை மறித்து இன்றைய குளத்தைக் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டு தொடங்கியது. முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. பின்னர் பலமுறை அணைக்கட்டு உயர்த்தப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் நோக்கத்துடன் 1936இல் இங்கே குடியேற்றத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. கிளிநொச்சி நகரம் அதிலிருந்து வளர்ந்ததே. அவ்வாறு வந்தோர் ஒடியலையும் பனங்கட்டியையும் கொண்டுவந்தனர். காட்டையும் சேனையையும் நம்பி முன்னரே வாழ்ந்த வன்னி மக்களிடம் குரக்கனும் தேனும் இருந்தன. இனக்கலவரங்களால் துரத்தப்பட்ட மலையக மக்கள் பிறகு வந்து சேர்ந்தனர். குளத்து மீன்களுட் பெருவழக்கான திலாப்பியாவும் 1950களில் அந்நிய நாட்டிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதே. வன்னியின் உணவு என்று நாம் சொல்வது, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நெருக்கடிகளால் உந்தப்பட்டு இங்கு வந்து உழைத்த மக்களின் கூட்டுப் படைப்பாகும்.

ஆயினும் கூட்டாகப் படைத்தவர்கள் அதைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளவில்லை. காலபோகத்தில் இக்குளத்தின் கீழ் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேல் விதைக்கப்படுகிறது. சிறுபோகத்திலோ எஞ்சிய நீரின் அளவுக்குத்தான் விதைப்பு. எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கூட்டம் கூடித் தீர்மானிக்கிறார்கள். அப்பங்கீட்டில் இடம்பெறக் காணி வேண்டும். காணியில்லாத கூலி உழைப்பாளிக்கு, அவர்களுள்ளும் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோர் பலருக்கு, குளம் ஒரு காட்சிப் பொருளே. காணியுள்ள சிறு விவசாயியும் வென்றவனல்லன். அறுவடைக் காலத்தில் கடனைத் தீர்ப்பதற்காக ஈர நெல்லைக் களத்திலேயே வந்த விலைக்கு விற்கிறான்; சில மாதங்களின் பின் அரிசியைப் பிறர் குறித்த விலைக்கு வாங்குகிறான். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்த சுமையையும் அவனே தாங்கினான்.

நீரைக் குறித்தும் இவ்வாறே. 2010ஆம் ஆண்டளவில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் உருவானபோது, இக்குளத்து விவசாயிகள் அதனை எதிர்த்தனர். குடாநாட்டுக் கிணறுகள் உவர்ப்பதும் மாசடைவதும் உண்மை. சிறுபோகம் பொய்த்தால் வன்னி விவசாயியின் உலை அணைவதும் உண்மை. பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கும் வழி நாடப்பட்டு, தாளையடியில் அதற்கான நிலையம் எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சகோதரனின் தாகமும் கிளிநொச்சிச் சகோதரனின் பசியும் ஒன்றோடொன்று மோதவிடப்பட்ட இந்தச் சோக நாடகம், குளக்கட்டில் நின்று படம்பிடிக்கும் பிரயாணியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வான்கதவுகள் திறந்து நீர் பாய்வது அவனுக்கு அழகிய காட்சி. 2018 டிசம்பரில் பெருமழையின்போது அக்கதவுகள் திறக்கப்பட்ட நாளில், கீழேயிருந்த கிராமத்தவர்கள் சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைகளுக்கு ஓடினர்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மௌனம் ஒன்றுண்டு. 1990களில் வன்னி பொருளாதாரத் தடையின் கீழ் இருந்தது. எரிபொருளும் உரமும் மருந்தும் தட்டுப்பாடாயின. 1996இல் கிளிநொச்சி மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். 2008ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கிழக்கு நோக்கித் துரத்தப்பட்டு, முள்ளிவாய்க்கால் மணலில் அடைபட்டுக் கிடந்த சனங்களை உயிரோடு வைத்திருந்தது அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. அக்கஞ்சிக்காக வரிசையில் நின்றோர் மீதும் குண்டுகள் விழுந்தன. இன்று ஒவ்வொரு மே மாதத்திலும் அக்கஞ்சியைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, வழியே செல்வோருக்கு மக்கள் வழங்குகிறார்கள். 2024 மே மாதத்தில், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அவ்வாறு கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதுசெய்யப்பட்டனர்.

ஓர் உணவுக்காகக் கைதுசெய்ய வேண்டியிருக்கிறதென்றால், அவ்வுணவில் எவ்வளவு நினைவு அடங்கியிருக்க வேண்டும்! வன்னியின் உணவுகளைப் பட்டியலிடும் பிரயாணக் கட்டுரைகளில் இக்கஞ்சியை நான் கண்டதில்லை. அதிற் சுவையில்லை என்பதனாலா? அல்லது அதனைக் குடித்தவன் வியக்க முடியாமல், கேள்வி கேட்க வேண்டியவனாகிறான் என்பதனாலா?

அப்படியாயின் உணவைப் பற்றி எவ்வாறு எழுதுவது? 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மறு ஆண்டில் பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகத்தை இந்திய மக்கள் நாடக மன்றம் மேடையேற்றியது. புத்தரிசி உண்ணும் விழாவுக்கு வங்கத்தில் வழங்கும் பெயர் அது. பசியை எழுதிய கலைஞன், தன் படைப்புக்கு விருந்தின் பெயரை இட்டான். நம் ஊர்களிலும் தைப்பூசத்தையொட்டிப் புதிர் எடுத்துப் புத்தரிசிச் சோறு உண்ணும் வழக்கம் உண்டு. அச்சோற்றின் மணம் என்னவென்று, முன்னைய மாதங்களில் அளந்து அளந்து உலை வைத்தவள் அறிவாள்.

வன்னி மண்ணிலிருந்தே ஓர் உதாரணமும் உண்டு. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட நாவல். அதில் காடும் வேட்டையும் வயலும் உணவும் வருகின்றன. ஆனால் வேடிக்கைப் பொருள்களாக வரவில்லை. வீட்டைப் பிரிந்து காடு வெட்டி வயல் திருத்தும் இளைஞனுடைய உழைப்பின் தொடர்ச்சியாகவே அவனது சோறு வருகிறது. அதனாலேயே அச்சோற்றின் சுவையை நாமும் உணர்கிறோம். நாவல் வெளிவந்து பதினொரு ஆண்டுகளில், 1984இல், தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய அன்றாட வாழ்வுக்கு அந்நூல் இன்று சாட்சியாக நிற்கிறது.

இவ்விடத்தில் நம்மவர் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முற்போக்கு என்ற பெயரில் எழுதிய நாம், பல கதைகளில் உழைப்பாளியைப் பசியோடு மட்டுமே காட்டினோம். அவன் வீட்டுக் குழம்பின் மணத்தை, பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிய பிள்ளைகளின் சிரிப்பை, மீன் தலை யாருக்கு என்ற செல்லச் சண்டையை எழுத மறந்தோம். சுவையை மட்டும் காண்பவன் மனிதனின் பசியை மறக்கிறான். பசியை மட்டும் காண்பவன் மனிதனையே மறக்கிறான். அக்கடை அம்மா தம் குழம்பைப் பற்றிப் பெருமையோடுதான் பேசினார். அப்பெருமையைப் புறக்கணித்து அவரது வறுமையை மட்டும் எழுதுவேனாயின், நானும் இன்னொரு வகைச் சுற்றுலாக்காரனே.

ஆசிரியர்களும் மாணவர்களும் விடுமுறைகளில் ஊர்காணச் செல்ல வேண்டும். புதிய உணவுகளை மனமார உண்ண வேண்டும். அதன்பின் எழுத அமரும்போது, அரிசி எங்கிருந்து வந்தது, நீர் யாருடைய பங்கு, சமைத்தவருக்குக் காணி உண்டா என்ற கேள்விகளையும் தாளில் எழுதிவைத்துக்கொள்வது நன்று. விடை தேடத் தொடங்கினால் பிரயாணக் கட்டுரை சற்று நீளும். அடுத்த பேருந்தும் தவறிப்போகும்.

நான் அன்று பேருந்தைத் தவறவிட்டேன். அந்த அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்து, “இருந்து ஆறுதலாச் சாப்பிடுங்கோ, ஐயா, கதைக்க நிறையக் கிடக்கு” என்றார். இக்கட்டுரையிற் பெரும்பகுதி அவர் அதன்பின் சொன்னவற்றைத் தேடிச் சென்றதனால் விளைந்தது.