வீடும் எல்லையும்: கட்டணத் தொலைக்காட்சிச் சந்தாவின் பெயர்வுரிமை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் பெறும் தொலைக்காட்சிச் சேவையை வெளிநாடு சென்ற சந்தாதாரர் ஏன் காண இயலவில்லை என்னும் வினா, பெரும்பாலும் நுகர்வோர் குறையாகவே பேசப்பட்டு வருகின்றது. தமிழியல் ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் இவ்வினாவில் பங்குண்டு என்பது நம் கருத்து. இப்பொருள் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய 2017/1128 எண் ஒழுங்குவிதியை ஒரு பனுவலாகக் கொண்டு, அதன் சொல்லாட்சிகள் சிலவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தடையின் அடிப்படை

ஒளிபரப்புரிமை நாடு நாடாகப் பிரித்து விற்கப்படுகின்றது. திரைப்படத் தயாரிப்பாளர் பலர் இவ்வுரிமையை முன்கூட்டியே விற்றுத்தான் தயாரிப்புச் செலவைத் திரட்டுகின்றனர். ஒரு நாட்டுக்கு மட்டும் உரிமை பெற்ற நிறுவனம், பிறநாட்டிலிருந்து வரும் இணைய முகவரியைக் கண்டதும் கதவடைத்துவிடுகின்றது. ஆகவே, இத்தடையை வணிகப் பேராசை என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது.

எனினும், இவ்வேலி வினாவுக்கு அப்பாற்பட்டதன்று. கிரேக்க நாட்டு அட்டையைக் கொண்டு ஆங்கிலக் காற்பந்தாட்டங்களைக் காட்டிய போர்ட்ஸ்மத் மதுக்கூடத்தார் காரன் மர்ஃபியின் வழக்கில், அத்தகைய அட்டைகளின் இறக்குமதியையும் பயன்பாட்டையும் தடுப்பது சேவைச் சுதந்திரத்துக்கு முரணானது என ஐரோப்பிய நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

ஒழுங்குவிதியின் புனைவு

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதி, ஒன்றியத்துக்குள் தற்காலிகமாகப் பிறநாடு செல்லும் சந்தாதாரருக்குக் கூடுதல் கட்டணமின்றி அதே சேவையை வழங்கப் பணிக்கின்றது. அதன் நுட்பம் ஒரு சட்டப் புனைவில் அமைந்துள்ளது. பாரிசில் இருந்து பார்க்கும் பெர்லின் வாசி, பெர்லினிலேயே பார்ப்பதாகக் கருதப்படுவார். உரிமைப் பங்கீடு சிதையாமலே பார்வையாளர் எல்லை கடக்கின்றார். இப்புனைவை நாம் பாராட்டுகின்றோம்.

ஆயினும், குறைகள் இல்லாமல் இல்லை. கட்டணச் சேவைக்கு மட்டுமே இது கட்டாயம். கட்டணமற்ற சேவையினர் விரும்பினால் பின்பற்றலாம். 'தற்காலிகம்' என்பதற்கு 'வரையறுத்த காலம்' என்பதே விளக்கம். அக்காலம் எத்தனை நாள் என்பது கூறப்படவில்லை. பொழுதுபோக்கு, பயணம், தொழில், கல்வி ஆகிய நோக்கங்களை முகவுரை சுட்டுகின்றது. மூன்றாண்டு ஆய்வு மாணவரும் மூன்று நாள் சுற்றுலாப் பயணியும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்படுகின்றனர்.

இங்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருகின்றது. ஓதல், தூது, பொருள் முதலிய காரணங்களால் இல்லம் நீங்குவதை அகத்திணையியல் வகுக்கின்றது. கல்விப் பிரிவுக்கு மூன்றாண்டும் வேந்தன் பணிக்கு ஓராண்டும் எனக் கற்பியல் எல்லை கூறுகின்றது. உரையாசிரியரிடையே விளக்க வேறுபாடு உண்டெனினும், பிரிந்தவர் இல்லத்துக்குரியவராகவே நிற்கின்றார் என்னும் கருத்தில் ஐயமில்லை. பிரிவின் நோக்கத்தைக் கொண்டு காலத்தை அளக்கும் இம்முறை, இன்றைய சட்டம் இயற்றுவோரும் கருதத்தக்கது.

நம் வட்டாரம்

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2023இல் பல நாடுகளில் ஒரு கணக்கை ஒரே வீட்டினருக்கு உரியதாக வரையறுத்தது. 'வீட்டினர்' என்போர் இங்கு ஒரே இணைய இணைப்பைச் சார்ந்து வாழ்வோர் ஆவர். விடுதியில் தங்கிப் பயிலும் மகள் நம் வழக்கில் வீட்டுப் பிள்ளையே. இவ்வரையறையிலோ அவள் அயலாள் ஆகக்கூடும்.

ஆசியான் அமைப்பில் ஐரோப்பிய விதிக்கு இணையான ஒன்று இல்லை. ஜொகூர் பாருவில் வீடும் சிங்கப்பூரில் பணியுமாக நாள்தோறும் பாலம் கடப்போருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலமே பார்வையின் எல்லையாகிவிடுகின்றது. 1996இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ஆஸ்ட்ரோ, வானவில் அலைவரிசை வழியே மலேசியத் தமிழ் நாடகங்களுக்கு இடமளித்துள்ளது. அந்நிறுவனத்தின் 'ஆஸ்ட்ரோ கோ' செயலியோ மலேசியாவுக்குள் மட்டுமே பார்ப்பதற்குரியது.

இங்குத்தான் நம் துறை பாதிக்கப்படுகின்றது. அச்சிட்ட சிறுகதைத் தொகுப்பை இலண்டனிலும் சென்னையிலும் மேசைமேல் விரித்துப் பாடம் நடத்தலாம். தொலைக்காட்சி நாடகத்தை அவ்வாறு விரிக்க இயலாது. எல்லைக்குள் இருந்து, சந்தாவும் செலுத்தி, ஒளியேறும் காலத்தில் மட்டுமே காணக்கூடிய படைப்பை மற்றோர் ஆய்வாளர் சரிபார்ப்பது எங்ஙனம்? சரிபார்க்க இயலாத மூலத்தின்மேல் திறனாய்வு வளராது. மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சி குறித்த ஆய்வுகள் கதைச்சுருக்க அளவில் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என நாம் கருதுகின்றோம்.

முடிவுரை

இரண்டு முன்மொழிவுகளை வைக்கின்றோம். ஒன்று, ஐரோப்பியச் சட்டப் புனைவைத் தழுவி மலேசியாவும் சிங்கப்பூரும் தமக்குள் ஓர் உடன்பாடு காணலாம். கல்விக்கும் தொழிலுக்கும் தனித்தனிக் கால எல்லை வகுக்கலாம். மற்றொன்று, தமிழ் நாடகங்களின் படி ஒன்றைப் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வுக்கென வைக்க ஒளிபரப்பு நிறுவனங்கள் இசைய வேண்டும். முதலாவது அரசுகளின் கையில் உள்ளது. இரண்டாவதைக் கேட்கும் கடமை நம்முடையது; அதனை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.