கேரம் பலகையும் காலிப்பயலும்

'கேரம் ஆடறவனா? உருப்படமாட்டான்.' பொதுப்புத்தியில் இதற்கு விசாரணையே கிடையாது. ஆனால் தீர்ப்பு ஆட்டத்தின் மீதல்ல, ஆடப்படும் இடத்தின் மீது. நடுத்தர வர்க்க வீட்டுக்குள் அது கோடை விடுமுறைப் பொழுதுபோக்கு. அதே பலகை வடசென்னைத் தெருமுனையில் தொங்கும் பல்புக்குக் கீழே வந்துவிட்டால் 'ரவுடிகள் கூடும் இடம்'. சதுரங்கம் மூளையின் ஆட்டமாம், இது வெறும் கையின் ஆட்டமாம்! (கைக்கும் மூளைக்கும் நடுவே கோடு கிழித்தவர்கள் யாரென்று நமக்குத் தெரியாதா என்ன.) ஸ்டிரைக்கர் எந்தக் கோணத்தில் மோதித் திரும்பும் என்று விரலா கணக்குப் போடுகிறது?

வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) இந்த மக்கள் பக்கம் நிற்க விரும்பும் படம்தான். நாயகன் அன்பு கேரம் ஆட்டக்காரன். ஆனால் சிறைக்குள் நடக்கும் போட்டி கத்திக்குத்தில் முடிகிறது. ஆட்டம் ஆட்டமாகவே நிற்கப் படத்தில் இடமில்லை. அனுதாபமும் சேர்ந்துதான் முத்திரை குத்துகிறது.

சென்னையின் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலகச் சாம்பியன். 1996ல் அர்ஜுனா விருது. 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. கிளப்புக்குக் கிளம்பும் பையனை மட்டும் வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்: 'அங்க எதுக்குடா போற?'