குருதிப்புனல்: குற்றத்தின் வேர் எங்கே?

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வெளிவந்தது. 1977ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசையும் பெற்றது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த பெண்டிர், குழந்தைகள், முதியோர் உள்ளிட்ட 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையே இந்நாவலின் கரு. ஏழாண்டுகளுக்குள் அதனை நாவலாக்கத் துணிந்த ஆசிரியரின் நெஞ்சுரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எமக்கு உடன்பாடற்றது ஒன்றே. நாவலில் வரும் பெருநிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் வன்மத்துக்கு அவரது ஆண்மைக் குறைவே ஊற்றாகக் காட்டப்படுகிறது. கூலிப் போராட்டம் கதையில் இல்லாமலில்லை. எனினும், நூலை மூடிய பின் வாசகர் நெஞ்சில் தங்குவது ஒரு தனி மனிதரின் மனக்கோணலே.

அநீதியைக் குறிக்கும் ‘ளுல்ம்’ என்ற அறபுச் சொல்லுக்கு, ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்காது வேறிடத்தில் வைத்தல் என்று அகராதி வல்லார் பொருளுரைப்பர். குற்றத்தின் காரணத்தை இடம் மாற்றி வைப்பதும் அவ்வகையினதே.

உரிய இடம் யாது? நாம் வாழும் திருக்காட்டுப்பள்ளி, காவிரியினின்று குடமுருட்டி பிரியும் ஊர். கல்லணையில் திறந்த நீர் விரைவில் எம்மை வந்தடையும். கீழவெண்மணியோ கீழைத் தஞ்சையின் கடைமடைப் பகுதி. தலைமடையாயினும் கடைமடையாயினும் நெல்லின் நாள்காட்டி ஒன்றே. 1960களில் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் பரவ, இருபோகச் சாகுபடி பெருகிற்று. அடைமழைக்கு முன் குறுவையை அறுத்து, உடனே தாளடி நடவேண்டும். பருவம் தவறினால் விளைச்சல் இல்லை. ஆகவே அறுவடை நாட்களில், என்றும் குரலற்றிருந்த உழவுத் தொழிலாளிக்குச் சிறிது பேரம் பேசும் வலிமை பிறந்தது. பண்ணை வேலையன்றிப் பிழைப்பில்லாத, ஊருக்குப் புறத்தே சேரியில் ஒதுக்கப்பட்ட அம்மக்கள், சங்கம் கண்டு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டனர். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்டனர்; வெளியூர் ஆட்களை இறக்கினர். நிலமும் சாதியும் பருவமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன. எரித்தவர் ஒருவரல்லர், ஒரு கூட்டத்தார். அத்தனை பேருக்குமா உடற்குறை?

அரசும் வேர் இருந்த திசையை அறிந்தே இருந்தது. கணபதியா பிள்ளை ஆணையம் கூலி நிலையை ஆராய, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் பிறந்தது. வழக்கோ வேறு வழி சென்றது. கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. செல்வமும் நிலமும் படைத்தோர் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்று நம்புதல் அரிது என்பது அத்தீர்ப்பில் கண்ட கருத்து. எந்தச் செல்வநிலை கொடுமைக்குக் காரணமாயிற்றோ, அதுவே குற்றமின்மைக்குச் சான்றாயிற்று! நாவலாசிரியர் அத்தீர்ப்பை ஏற்றார் என்று நாம் கூறவில்லை. ஆயினும் காரணத்தை ஒருவர் உடலுக்குள் அடைத்துவிடும் கதை, அவர் நின்ற இடத்தைக் கேள்வியின்றித் தப்பவிடுகிறது.

சூழலைக் காரணமென்றால் குற்றவாளியை விடுவித்ததாகாதா எனச் சிலர் வினவலாம். அறபியில் ‘ஸபப்’ வேறு, ‘உத்ர்’ வேறு. முன்னது காரணம், பின்னது மன்னிப்புக்குரிய நியாயம். முன்னதை ஆராய்வோர் பின்னதை வழங்கிவிடுவதில்லை. 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன், மனிதர் இயல்பை அவர் வாழும் நிலமும் பிழைப்பும் உருவாக்குவதை விரித்துரைத்தார். அவரே, கூலியின்றி உழைப்பைப் பறித்தலை நாட்டை அழிக்கும் பெருங்கொடுமைகளுள் ஒன்றென்றும் கண்டித்தார்.

சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ (1999) இதே நிகழ்வை உழைப்போர் வாழ்வினூடே காண முற்பட்டது. வாசக அன்பர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பயில்வாராக. ஒருவருடைய நோயெனக் கண்டால், அவர் மறைவோடு அச்சம் நீங்கிவிடும். களத்துமேட்டில் அளக்கப்படும் படியில் கண்டாலோ, இன்றும் நாம் விழித்திருக்க வேண்டியவராவோம்.